சொல்தா: புதுச்சேரிக் கிராமங்களின் பிரெஞ்சுப் படைவீரர்

சொல்தா என்பது, பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவரைக் குறிக்கப் புதுச்சேரி வட்டாரத் தமிழில் வழங்கும் சொல். படைவீரர் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லே இப்படித் தமிழாகிவிட்டது. சிப்பாய் வேறு, சொல்தா வேறு. சிப்பாய் என்பவர் பிரெஞ்சிந்தியாவுக்குள்ளேயே காவல் பணி செய்த உள்ளூர்ப் படையைச் சேர்ந்தவர். சொல்தாவோ கப்பலேறி சைகோனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பிரான்சுக்கும் போனவர்.

புதுச்சேரி நகரத்தில் மட்டுமல்லாமல் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலும் சொல்தா குடும்பங்கள் உண்டு. இவர்களைப் பற்றிப் பேசும்போது போரைப் பற்றியே பேசுவது வழக்கம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சொல்தாவின் வாழ்வில் போர் சிறிய பகுதிதான். இருபது வயதில் சேர்ந்து, பதினைந்து ஆண்டு பணி முடித்து, முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்பியவர் எண்பத்தைந்து வயது வரை வாழ்ந்தால், ஐம்பது ஆண்டுகள் பென்ஷன் வாங்கும் குடும்பத் தலைவராகவே இருந்திருப்பார். அந்த ஐம்பது ஆண்டுகளில் அவருடைய மனைவி மக்களின் நிலையை முடிவு செய்தவை பதக்கங்கள் அல்ல, சில காகிதங்கள்.

பெயர் எழுதிக்கொடுத்த காலம்

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி பிரெஞ்சிந்தியர் ஒருவர் தம் சாதி, மத வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படித் துறந்தவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். துறக்கும்போது குடும்பத்துக்கு ஒரு நிலையான குடும்பப்பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். சிலர் பிரெஞ்சுப் பெயரை வைத்துக்கொண்டனர். காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றதற்காக 1873-இல் வழக்கைச் சந்தித்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை பின்னர் லபோர்த் என்ற குடும்பப்பெயரை ஏற்றது பலரும் அறிந்த செய்தி. வேறு சிலர் தந்தை அல்லது பாட்டனின் தமிழ்ப் பெயரையே குடும்பப்பெயராக எழுதிவைத்தனர்.

துறந்தவர்களில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கணிசமாக இருந்தனர். ஊரில் தெருவுக்குள் நடப்பதற்கே தடை இருந்த காலத்தில், சட்டத்தின் முன் பிரெஞ்சுக்காரருக்குச் சமம் என்ற சொல் எத்தகைய ஈர்ப்பாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களில் பலர் இந்தோசீனாவுக்குப் போய் அரசு வேலைகளில் அமர்ந்தனர். சுங்கம், காவல், கலங்கரை விளக்கம் போன்ற துறைகளில் புதுச்சேரித் தமிழர் இருந்தனர். இராணுவமும் அத்தகைய ஒரு வாசல்தான்.

1946-இல் நிறைவேறிய லமீன் கெய் சட்டம், பிரான்சின் கடல்கடந்த பகுதிகளில் வாழ்ந்த அனைவரையும் குடிமக்களாக்கியது. தனிச்சட்டத்தைத் துறக்காத இந்துக்களும் முஸ்லிம்களும்கூட அப்போது குடிமக்கள் ஆயினர்.

போர்முனைகள்

முதல் உலகப் போரில் பிரெஞ்சிந்தியரும் பிரான்சுக்காகப் போரிட்டனர். அதில் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சு செருமனியிடம் வீழ்ந்தபின், 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி போன்வேன் தலைமையில் பிரெஞ்சிந்தியா தெ கோலின் சுதந்திர பிரான்சு அணியில் சேர்ந்தது.

ஆனால் கிராமத்து நினைவில் நிற்பது இவற்றுக்குப் பிந்தைய இரு போர்கள்தான். ஒன்று 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போர். மற்றது 1954 முதல் 1962 வரை நடந்த அல்ஜீரியப் போர். இரண்டுமே விடுதலை கேட்ட மக்களை எதிர்த்துப் பிரான்சு நடத்திய போர்கள், இரண்டிலும் பிரான்சு வெளியேறியது. இதைச் சொல்லாமல் சொல்தாவின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறு. குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த ஊரில் பிறந்தவர், இன்னொரு குடியேற்ற ஆட்சியைக் காக்க அனுப்பப்பட்டார். அவர் அதைக் கொள்கையாக எண்ணிச் சேர்ந்திருப்பார் என்று கொள்வது கடினம். பிழைப்பு, வீட்டுக் கடன், தங்கைகளின் திருமணம் ஆகியவை இதைவிட எளிதில் விளங்கும் காரணங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலுள்ள குடும்பத்துக்கு நேரே ஒதுக்கித்தரும் ஏற்பாடு பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தது. மகன் காட்டில் இருந்தாலும் தாயின் கைக்குப் பணம் வந்து சேர அது வழிசெய்தது.

சைகோன் அவர்களுக்கு முற்றிலும் அந்நிய ஊர் அல்ல. அங்கே தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருந்தது, தமிழர் கடைகள் இருந்தன. சிலர் வியட்நாமியப் பெண்களை மணந்து ஊருக்கு அழைத்துவந்தனர். புதுச்சேரியில் சில குடும்பங்களில் இன்றும் சாயோ என்னும் பொரித்த சுருள் செய்யப்படுவது அந்தப் பாட்டிமார் கொண்டுவந்த சமையல்.

ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள்

1954 மே 7 அன்று தியன் பியன் பு கோட்டை வீழ்ந்தது. சூலையில் செனீவா உடன்பாடு கையெழுத்தானது. அதே ஆண்டில் புதுச்சேரியிலும் இணைப்புப் போராட்டம் முற்றியது. மார்ச் 31 அன்று, பாகூரை ஒட்டியுள்ள நெட்டப்பாக்கத்தில் எதுவார் குபேர் தலைமையில் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர்.

நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. அதே நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் ஆயுதப் போராட்டம் வெடித்தது. வில்லியனூரில் பிரெஞ்சுக் கொடி இறக்கப்பட்ட நாளில், வில்லியனூர்ப் பையன் ஒருவன் அக்கொடியின் கீழ் இன்னொரு போருக்குக் கணக்கில் எடுக்கப்பட்டான் என்று சொன்னால் மிகையாகாது. விடுப்பில் ஊர் வந்தவருக்குக் கொம்யூன் அலுவலகத்தில் மூவண்ணக் கொடிதான் தெரிந்தது, ஆனால் மூன்று வண்ணங்களும் வேறு.

ஆறு மாதம்

இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28 அன்று புது தில்லியில் ஆட்சிப்பகுதி ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1962 ஆகஸ்டு 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சட்டப்படியான அந்த மாற்ற நாள் இன்றும் ஆண்டுதோறும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றிக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சொல்தா குடும்பங்களுக்கு இந்த உடன்படிக்கையில் முக்கியமானது குடியுரிமைப் பகுதி. அதன் சாரம் இது. புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து, அன்று அங்கேயே நிலையாக வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்தவர், இந்தியக் குடியுரிமையை ஒருபோதும் பெறாதவராகக் கருதப்படுவார். இந்தியாவுக்கும் புதுச்சேரிப் பகுதிகளுக்கும் வெளியே வேறு நாட்டில் நிலையாக வாழ்ந்தவர்களுக்கு இது தலைகீழ். அவர்கள் பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பர், இந்தியராக விரும்பினால்தான் எழுதித்தர வேண்டும்.

இதில் குடும்பத்தைத் தொடும் மூன்று நுணுக்கங்கள் இருந்தன. முதலாவது, பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் அறிவிப்பே முடிவு செய்யும். தந்தை இல்லையென்றால் தாய், அவரும் இல்லையென்றால் பாதுகாவலர். அந்த அறிவிப்பில் பிள்ளைகளின் பெயர்கள் குறிப்பிடப்பட வேண்டும். இரண்டாவது, பதினாறு வயதைத் தாண்டி மணமாகிவிட்ட மகன் தானே முடிவு செய்யலாம். மூன்றாவதுதான் பலரும் கவனிக்கத் தவறக்கூடியது. கணவனின் தேர்வு மனைவியைக் கட்டுப்படுத்தாது. அவள் தனியே எழுதித்தர வேண்டும். கணவன் கையெழுத்துப் போட்டால் வீடு முழுவதற்கும் சேர்த்துத்தான் என்று எண்ணிப் பழகிய கிராமத்துக்கு இது புரியும்படி சொல்லப்பட வேண்டிய செய்தி. ஆறு மாதமோ 1963 பிப்ரவரி நடுவில் முடிந்துவிட்டது.

சுமார் 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தனர். அன்றைய மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிப்பவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை எதற்கு என்ற கேள்வி அன்று நியாயமான கேள்வியே. புதிய அரசில் வேலைக்குப் போக நினைத்தவருக்கு இந்தியக் குடியுரிமை தேவை. நாட்டுப்பற்றும் இருந்தது. விடுதலைக்குப் போராடிய ஊர்களில் பிரெஞ்சு என்று எழுதித்தருவது பெருமையாகப் பார்க்கப்பட்டிருக்காது. பிற்காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மணச்சந்தையில் விலை ஏறியதைக் கொண்டு 1962-இன் முடிவுகளை மதிப்பிடுவது சரியல்ல.

எப்படியாயினும் ஒரே தெருவில், ஒரே படையணியில் இருந்த இருவர், அந்த ஆறு மாதத்துக்குப் பின் இரு நாட்டினர் ஆயினர். ஒருவருடைய பேரன் பிரான்சில் வேலை செய்கிறான். மற்றவருடைய பேரன் அங்கே சுற்றுலாவுக்குப் போகவும் விசா கேட்க வேண்டும்.

பிரெஞ்சு பென்ஷன்

அக்காலத்தில், அதிகாரி அல்லாத வீரர் பதினைந்து ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியத்துக்கு உரியவராக இருந்தார். போர்க்களத்தில் கழித்த காலம் கணக்கில் கூடுதலாகச் சேரும். இதைத் தவிர, போர்வீரர் அட்டை பெற்றவர்களுக்கு முதுமையில் தனியாக ஒரு சிறு தொகையும் உண்டு. அல்ஜீரியாவில் போரிட்டவர்களுக்கு அந்த அட்டை உடனே கிடைக்கவில்லை. அங்கே நடந்ததைப் போர் என்று ஒப்புக்கொள்ளவே பிரான்சு தயங்கியது. 1974 டிசம்பரில்தான் அவர்களுக்கும் அட்டை தரச் சட்டம் வந்தது.

பிரான்சில் அது எளிய ஓய்வூதியம். ஊரில் அது பெரிய வருமானம். 1966 சூனில் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ரூபாய் ஆயிற்று. 1991-இல் மீண்டும் குறைக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணமாக வரும் பென்ஷன் இப்படி ஒவ்வொரு முறையும் ரூபாய்க் கணக்கில் கூடியது. கூரை வீடு ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு மாடி வீடான கதை இதில் அடங்கும். நிலமில்லாத குடும்பத்தின் பிள்ளைக்கு, ஊரில் முதன்முதலாக ஒரு காணி வாங்கும் வாய்ப்பைத் தந்ததும் இதுவே.

ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 1959 டிசம்பர் 26-ஆம் நாளின் பிரெஞ்சு நிதிச் சட்டம், முன்பு பிரெஞ்சு ஒன்றியத்தில் இருந்து பிரிந்த நாடுகளின் குடிமக்களுக்கு உரிய ஓய்வூதியங்களை 1961 முதல் ஒரு நிலையான தொகையாக உறையவைத்தது. பிரெஞ்சுக்காரரின் ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறும், மற்றவருடையது நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்கு இரண்டு அளவுகோல். இந்த அநீதியை எதிர்த்து ஆப்பிரிக்க வீரர்களே முன்நின்று போராடினர். 2001 நவம்பரில் திய்யோப் என்ற செனகல் வீரரின் வழக்கில், பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2006-இல் வந்த ஒரு திரைப்படம் வட ஆப்பிரிக்க வீரர்களின் கதையைச் சொல்லிப் பிரான்சை உலுக்கியபின் சில வகைத் தொகைகள் உயர்த்தப்பட்டன. 2010 மே 28 அன்று பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம் குடியுரிமையைக் கொண்டு வேறுபாடு காட்டும் விதிகளை நீக்கியது. தில்லி உடன்படிக்கை கையெழுத்தான அதே மே 28. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் உறைந்த தொகையை வாங்கியே கண்மூடியவர்கள் பலர்.

வீட்டுக்குள் சொல்தா

சொல்தா நல்ல குடும்பத் தலைவரா என்பதை ஊர் ஒருவிதமாக அளக்கும், பிரெஞ்சு அலுவலகம் வேறுவிதமாக அளக்கும். ஊருக்கு, திருக்காமீசுவரர் கோயிலிலோ மாதா கோயிலிலோ முறைப்படி தாலி கட்டினால் போதும். அலுவலகத்துக்கு, அந்தத் திருமணம் எத்தா சிவில் எனப்படும் குடிமைப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பிள்ளை பிறந்தால் பிறப்புப் பதிவு, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரே மனிதரின் பெயர் ஓரிடத்தில் பிரெஞ்சு முறையிலும் இன்னோரிடத்தில் ஆங்கில முறையிலும் எழுதப்பட்டால் இருவர் ஆகிவிடுவார். தந்தை பெயரை முதலெழுத்தாகப் போடும் தமிழ் வழக்கத்துக்கும் குடும்பப்பெயர் கேட்கும் பிரெஞ்சு வழக்கத்துக்கும் நடுவே எத்தனையோ விண்ணப்பங்கள் சிக்கிக்கொண்டன.

ஆகவே பொறுப்புள்ள சொல்தாவின் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். படைப்பணிக் கையேடு, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, குடியுரிமை அறிவிப்பின் படி, பதக்கச் சான்றுகள், நொத்தேரிடம் எழுதிய பத்திரங்கள் எல்லாம் அதில் இருக்கும். மழைக்காலத்தில் வீடு ஒழுகினால் முதலில் தூக்கப்படுவது அந்தப் பெட்டிதான். தாலி கட்டிய நாளை மறந்தாலும் பதிவு எண்ணை மறக்காத மனிதர்கள் இவர்கள்.

ரெனோன்சான் குடும்பங்களுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் 1963-இல் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டபோது, புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தா என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. இந்தியக் குடியுரிமை பெற்ற ரெனோன்சானுக்கும் திருமணம், பாகப்பிரிவினை ஆகியவற்றில் பழைய பிரெஞ்சு உரிமையியல் சட்டமே வழிகாட்டுகிறது. பக்கத்து வீட்டுக்கு ஒரு சட்டம், இந்த வீட்டுக்கு ஒரு சட்டம். வக்கீல்களுக்கே தலைசுற்றும் இடம் இது.

பிள்ளைகளின் படிப்பில் சொல்தாக்கள் காட்டிய அக்கறை குறிப்பிடத்தக்கது. 1826-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு லிசேயில் பிரெஞ்சுக் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பேருந்தில் வந்து படித்து, பின்னர் பிரான்சில் இராணுவத்திலோ அஞ்சல் துறையிலோ மருத்துவமனையிலோ வேலைக்குச் சேர்ந்த தலைமுறை இப்படி உருவானது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. பிள்ளைகளை நன்றாக வளர்த்த தந்தையே முதுமையில் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டில் ஆடிக்கும் பொங்கலுக்கும் விளக்கேற்றப் பேரப்பிள்ளைகள் இல்லை. பிரான்சில் கோடை விடுமுறை விடும் சூலை, ஆகஸ்டில்தான் வீடு நிறையும்.

உயிரோடு இருக்கிறார் என்ற சான்று

பென்ஷன் தொடர்ந்து வர, தாம் உயிரோடு இருப்பதை ஓய்வூதியர் காலந்தோறும் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு வாழ்வுச் சான்று என்று ஒரு தாள். நடக்க முடியாத பெரியவரைக் காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதும், கை நடுங்க அவர் கையெழுத்திடுவதும் வீட்டாருக்குப் பழகிய காட்சி. பெரியவரின் மூச்சே வீட்டின் வருமானம் என்ற நிலை. அதனால் அவருக்கு நல்ல கவனிப்பும் கிடைத்தது, சில வீடுகளில் பிள்ளைகளுக்குள் இழுபறியும் நடந்தது.

அவர் மறைந்தபின் மனைவிக்குப் பாதி ஓய்வூதியம் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பிள்ளை இருக்க வேண்டும், அல்லது பணி முடிவதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் மணந்திருக்க வேண்டும், அல்லது திருமணம் நான்கு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, திருமணம் பதிவாகியிருப்பது. ஐம்பது ஆண்டு உடன்வாழ்ந்து, ஆறு பிள்ளை பெற்று, நோயில் கிடந்தவரைக் கழுவித் துடைத்த பெண்ணாயினும், பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அலுவலகத்துக்கு அவள் யாரோ. கோயிலில் தாலி கட்டிய கையோடு பதிவும் செய்துவைத்த சொல்தாவே உண்மையில் மனைவியைக் காத்தவர் என்று பெண்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

விழா நாள்கள்

சூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாள். அதற்கு முந்தைய மாலை காகித விளக்குகளுடன் ஊர்வலம் நடக்கும். மறுநாள் கடற்கரை நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கப்படும். முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11 அன்றும் அங்கே அஞ்சலி உண்டு. முன்னாள் வீரர்கள் கோட்டில் பதக்கங்கள் குத்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பிரெஞ்சு நாட்டுப்பண்ணும் இந்திய நாட்டுப்பண்ணும் இசைக்கப்படும். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது புதுச்சேரியிலேயே வாக்குச்சாவடி அமைவதும் இவர்களாலும் இவர்கள் வழித்தோன்றல்களாலும்தான்.

இந்தோசீனாவில் போரிட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் தொண்ணூறு வயதைத் தாண்டியிருப்பர் அல்லது அதை நெருங்கியிருப்பர். அல்ஜீரியா சென்றவர்களும் எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர், பாட்டனாரின் குடியுரிமையைக் காட்டித் தமக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்று கேட்டு விண்ணப்பிக்கின்றனர். அப்போது கேட்கப்படுவன: 1962 ஆகஸ்டு 16 அன்று பாட்டனார் எங்கே நிலையாக வாழ்ந்தார், ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தாரா, அந்தத் தாளில் அப்பாவின் பெயர் இருக்கிறதா. விடை அந்தத் தகரப் பெட்டியில் இருந்தால் உண்டு.